மாத்திரைக்கு ஒரு பெர்மிட்

நெய்வேலியில் கரும்பொன் சுரங்கச் சேவை நிறுவனத்தின் வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. மேலே 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதியிருக்கும். கீழே எண்களை மாட்டுவதற்கு நாலு கொக்கிகள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, பி ஷிப்ட் உள்ளே போகிற நேரத்தில், வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். இந்தக் கதை தொடங்கிய அன்று அது 1112 என்று காட்டியது. அந்த ஆயிரத்துச் சொச்ச நாட்களுக்குள் ஒரு வெல்டருக்கு இரண்டு விரல் போனது உண்மைதான். ஆனால் விசாரணையில், போனவை அவருடைய சொந்த விரல்கள் என்றும் நிறுவனத்தின் உடைமைக்குச் சேதமில்லை என்றும் தெளிவாகிவிட்டதால், பலகையைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

சண்முகப்ரியாவுக்கு இந்தப் பலகையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு பயம்தான். இரண்டு வருடத்துக்கு முன் சின்னவன் பிறந்தபோது ரத்தம் நிற்கவில்லை. கடலூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோய், ஐந்து யூனிட் ரத்தம் ஏற்றி, மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா, "உடம்பு தேறட்டும். மூணு நாலு வருஷத்துக்கு இன்னொண்ணு வேண்டாம். வந்தா மறுபடியும் இப்படி ஆகலாம்" என்று சொல்லி அனுப்பினார். காப்பர் டி போட்டுப் பார்த்தாள். மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு என்று உடம்பு வெளுத்ததால் எடுத்தாயிற்று. உறையை நம்பி ஏமாந்ததன் பலன்தான் சின்னவனே. மிச்சமிருந்தது மாத்திரை.

மந்தாரக்குப்பத்தில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான். ஆனால் நிறுவனத்தின் நலவாழ்வு நிலையத்தில் ஒரு விதி தொங்கியது: 'வெளியில் வாங்கிய மருந்தால் ஏற்படும் எந்தச் சிக்கலுக்கும் இங்கே சிகிச்சை இல்லை.' ஒருமுறை செத்துப் பிழைத்தவளுக்கு அந்த ஒரு வரி போதாதா? போதாக்குறைக்கு எதிர் குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள், "அதைப் போட்டா காலுல ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிடுமாம்ல?" என்று வேறு சொல்லி வைத்திருந்தாள். ஆக மெடிக்கல் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மாத்திரைக்கும் அதைத் தரப்போகிறவர்களுக்கும் ஒருசேரப் பயந்தபடி, நலவாழ்வு நிலையத்துக்குப் போனாள்.

அங்கே பி.பி. பார்த்தவள் மிஸ்ரியா என்கிற காண்ட்ராக்ட் நர்ஸ். மந்தாரக்குப்பத்துப் பெண். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேள்விகளை அடுக்கினாள்.

"பி.பி. நூத்திப் பத்துக்கு எழுபது, நல்லா கீது. சிகரெட்டு எதுனா உண்டா? சிரிக்காதீங்கக்கா, கேக்கணும். ஒத்தைத் தலைவலி வந்து கண்ணு முன்னால மின்னல் மின்னலா தெரியுமா? காலுல ரத்தக்கட்டு வந்திருக்கா? வீட்டுல யாருக்குனா? பால் குடுத்துகினு கீறீங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் சண்முகப்ரியா.

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் பயமில்ல. இது டோஸ் கம்மியான மாத்திரை. பத்தாயிரம் பொம்பளைங்க ஒரு வருஷம் பூரா போட்டா, ரத்தக்கட்டு வர்றது பத்துப் பேருக்கும் கம்மிதான். போடாதவங்கள்லயே ரெண்டு மூணு பேருக்கு வரும். புள்ளத்தாச்சியா இருந்தா இதைவிட அதிகம். பெத்த கையோட இன்னும் பல மடங்கு அதிகம். உங்களுக்கு எது ஆபத்துன்னு நீங்களே பாத்துக்குங்க."

"தப்பாம தடுக்குமா?"

"நாள் தவறாம போட்டா நூத்துல ஒருத்திக்குக் கூட கரு நிக்காது. விட்டு விட்டுப் போட்டா ஏழெட்டுப் பேரு மாட்டிக்குவாங்க. இருவத்தோரு வெள்ளை, ஏழு பழுப்பு. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. அது தீர்ந்த மறுநாளே அடுத்த அட்டையை ஆரம்பிச்சிடணும். அதுதான் உசுரு. நடுவுல நாள் கூடிச்சுன்னா பாதுகாப்பு போயிடும்."

ரெண்டு நிமிடத்தில் இவ்வளவும் முடிந்தது. வருடக்கணக்கில் சுமந்த பயத்தில் பாதி இறங்கின மாதிரி இருந்தது சண்முகப்ரியாவுக்கு. "அப்ப குடுங்க சிஸ்டர்" என்று கையை நீட்டினாள்.

மிஸ்ரியா அலமாரியைப் பார்த்தாள். "எனக்கு அதைத் தொறக்க அதிகாரம் இல்லக்கா. நான் காண்ட்ராக்ட்டு. டாக்டரைப் பாருங்க."

டாக்டர் அருள்மொழி நல்ல மனிதர். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்ததால் மிகவும் நல்ல மனிதராகவே இருந்தார். மாத்திரை அட்டையோடு வந்த துண்டுத்தாளை விரித்து, 'ரத்த உறைவு' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுல அபாயம்னு போட்டிருக்கேம்மா" என்றார்.

"அது பத்தாயிரத்துல…"

"எண்ணிக்கை எனக்கும் தெரியும். வாசல்ல இன்னொரு எண்ணிக்கை இருக்கே, அதைப் பாத்தியா? ஆயிரத்து இருநூறு ஆச்சுன்னா நமக்கு ஷீல்டு. அதுவரைக்கும் அபாயம்னு எழுதின எதையும் பாதுகாப்புக் கமிட்டியைக் கேக்காம குடுக்கக்கூடாதுன்னு சர்க்குலர்."

வீட்டுக்கு வந்து தமிழ்மாறனிடம் சொன்னாள். அவன் கன்வேயர் பெல்ட்டில் டெக்னீஷியன், பெர்மனென்ட். ஆறு வருடத்துக்கு முன், 'தொடாதே' என்று சிவப்பு டேக் மாட்டியிருந்த சுவிட்சை எவனோ போட்டுவிட, அவன் கண்ணெதிரே விஷ்ணு என்கிற சிநேகிதனின் வலது கை பெல்ட்டோடு போனது. அன்றிலிருந்து பெர்மிட், டேக், பூட்டு என்றால் தமிழ்மாறனுக்கு அது சாமி மாதிரி. பெர்மிட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்ப மாட்டான். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். ஆபத்தான வேலை எதையும் எந்தத் தொழிலாளியும் அதைத் தூக்கிக் காட்டி நிறுத்தலாம் என்று நிறுவனம் எல்லோருக்கும் கொடுத்திருந்தது. இதுவரை ஒருவர்கூடத் தூக்கியதில்லை.

"கமிட்டி நல்லதுக்குத்தான் கேக்குது ப்ரியா. பெர்மிட் இருந்தா பயமில்லாம இருக்கலாம்ல?" என்றான். அவன் அதை நிஜமாகவே நம்பினான். அதனால் அவளும் நம்பினாள்.

கமிட்டி பதினெட்டு நாள் கழித்துக் கூடியது. தலைவர், பாதுகாப்புப் பொது மேலாளர் கருணாகரன். பக்கத்தில் பாதுகாப்பு அலுவலர் பிரவின்குமார், மடிக்கணினியும் 'அபாயப் பதிவேடு' என்கிற தடித்த புத்தகமுமாக. மேசை நடுவில் ஒரு தட்டில், துணி விரித்து, மாத்திரை அட்டை கிடத்தப்பட்டிருந்தது. எல்லோரும் அதிலிருந்து கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

பிரவின்குமார் மாத்திரையின் அபாயங்களை வாசித்தார். மொத்தம் பதினொன்று. குமட்டல், தலைவலி, ரத்த உறைவு, அட்டையின் ஓரம் விரலைக் கீறுதல், விழுங்கும்போது புரையேறுதல், தண்ணீர் சிந்தித் தரையில் வழுக்குதல் என்று அது நீண்டுகொண்டு போனது.

சண்முகப்ரியா மெதுவாகக் கேட்டாள். "சார், மாத்திரை போடலைன்னா எனக்கு இருக்கிற ஆபத்தையும் எழுதிக்குவீங்களா? போன பிரசவத்துல நான் செத்துப் பிழைச்சேன் சார்."

பிரவின்குமார் பதிவேட்டைப் புரட்டினார். "போடாத மாத்திரைக்கு இதுல கட்டம் இல்லீங்க, மேடம். ஒரு பொருள் இருந்தாத்தான் அதுக்கு அபாயம் எழுத முடியும்."

கருணாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாரும்மா. மாத்திரை பாதுகாப்பானதா இல்லையாங்கிறது டாக்டர் சமாச்சாரம். அதுல நாங்க தலையிட மாட்டோம். மாத்திரையால நாங்க பாதுகாப்பா இருக்கோமாங்கிறதுதான் எங்க கவலை. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் கையெழுத்து போட்டாங்கன்னு கேப்பாங்க. அதனால எங்க யார் கையெழுத்தும் இல்லாத மாதிரி ஒரு பெர்மிட் தயார் பண்ணச் சொல்லியிருக்கேன். உன் பாதுகாப்பை நாங்க எவ்வளவு மதிக்கிறோம்னு இதுலயே தெரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளோடு வந்திருந்த தமிழ்மாறனும் பழக்கத்தில் தட்டிவிட்டான்.

பெர்மிட் மூன்று பக்கம். வேலையின் பெயர்: விழுங்குதல். பெர்மிட்தாரர் கணவர். அவர் தன் ஷிப்ட் தொடங்கும்போது கையெழுத்திட்டுப் பூட்டைத் திறந்து கொடுத்தால்தான் மாத்திரை. அட்டை ஒரு தகரப் பெட்டியில், சிவப்பு டேக்கோடு பூட்டி வைக்கப்பட வேண்டும். வேலை நடக்கும்போது காவலுக்கு ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம்.

முதல் நாள் ஏ ஷிப்ட். காலை ஐந்தே முக்காலுக்குச் சமையலறையில் சண்முகப்ரியா மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றாள். எதிரே ஹெல்மெட்டோடு தமிழ்மாறன். வாசற்படியில் விசிலோடு இசக்கியம்மாள். பிரவின்குமார் கைபேசியில் படமெடுத்தார். பெரியவள், ஆறு வயது, தூக்கம் கலைந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, வீடு இடியப் போவுதா?" என்று அழ ஆரம்பித்தாள். சண்முகப்ரியாவுக்கும் அழுகை முட்டியது. மாத்திரை துவரம்பருப்பில் பாதிகூட இல்லை. விழுங்கினதே தெரியவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் பி ஷிப்ட். மாத்திரை மதியம் ஒன்றே முக்காலுக்கு. அதற்கடுத்த வாரம் சி ஷிப்ட். இரவு ஒன்பதே முக்காலுக்கு. வாராந்திர லீவு நாளில் தமிழ்மாறனுக்கு ஷிப்ட் இல்லை. ஷிப்ட் இல்லாததால் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாததால் மாத்திரையும் இல்லை.

முதல் லீவு நாளில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். "என்னங்க, நாள் தவறக்கூடாதுன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்க. தொறந்து குடுங்க."

தமிழ்மாறன் டேக்கைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "டேக் மாட்டினதைத் தொட்டுத்தான் விஷ்ணுவுக்குக் கை போச்சு. என்னால முடியலடி. ஒரு நாள்தானே? பிரவின்குமார் சாரைக் கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னாரு."

அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அவனுடைய பயமும் பயம்தானே. ஆனால் அன்று முழுக்க அந்தச் சின்னப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தைப் பெட்டிக்கு வெளியே விட்டுவிட்டு மருந்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்களே என்று நினைத்தாள்.

எப்படியோ முதல் அட்டை முடிந்தது. மாதவிலக்கும் வந்தது. பழுப்பு மாத்திரை தீர்ந்த மறுநாள் புது அட்டைக்குப் போனால், பிரவின்குமார் தலையை ஆட்டினார்.

"புது அட்டை, புது வேலை. புது பெர்மிட் வேணும். கமிட்டி வியாழக்கிழமைதான் கூடுது."

"சார், மறுநாளே ஆரம்பிக்கணுமாம். நாள் கூடினா பாதுகாப்பு போயிடுமாம்."

"பாதுகாப்பு போகாம பாத்துக்கத்தானே நாங்க இருக்கோம்?" என்று சொல்லி, பழைய பெர்மிட்டை வாங்கி, ஊதா மையில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார். 'மேலும் ஏழு நாட்களுக்குப் பாதுகாப்பு நீட்டிக்கப்படுகிறது.'

சுரங்கத்தில் அந்த முத்திரைக்கு மரியாதை உண்டு. அது விழுந்தால் பெல்ட் ஏழு நாள் நிற்கும். யாரும் தொட மாட்டார்கள். தமிழ்மாறன் பதினோரு வருடமாக அந்த முத்திரையை நம்பி ஓடுகிற இயந்திரங்களுக்கு அடியில் படுத்து வேலை செய்திருக்கிறான், ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளை அவளிடம் காட்டி, "ஏழு நாள் செல்லும்னு போட்டிருக்கு பாரு" என்றான். அவள் படித்தாள். கமிட்டியின் வட்ட முத்திரை, தேதி, எல்லாம் சரியாக இருந்தது. மிஸ்ரியா சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் மிஸ்ரியா காண்ட்ராக்ட், முத்திரை பெர்மனென்ட். புருஷனும் பெண்டாட்டியும் முத்திரையை நம்பினார்கள்.

ஏழாம் நாள் புது அட்டை வந்தது. ஹெல்மெட், விசில், கையெழுத்து என்று எல்லாம் முறையாக நடந்தது. வெள்ளை தீர்ந்தது. பழுப்பும் தீர்ந்தது. இந்தத் தடவை வர வேண்டியது வரவில்லை.

ஒரு நாள் தள்ளினால் பரவாயில்லை என்று இருந்தாள். மூன்று நாள் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. குழந்தைகளுக்குத் தலை வாரியபடியே தேதியை எண்ணினாள். கடலூர் ஆஸ்பத்திரியின் உத்தரத்து மின்விசிறி, பாதி மயக்கத்தில் பார்த்த அதே மின்விசிறி, சும்மா இருக்கும்போதெல்லாம் கண்முன் சுற்றியது. நான் செத்துப்போய்விடுவேன், இந்த இரண்டும் என்ன செய்யும் என்ற ஒரே நினைப்பு. டாக்டர் அருள்மொழியிடம் போய்ப் பரிசோதனை கேட்டாள்.

"பெர்மிட் இன்னும் திறந்துதானே இருக்கு? அது குளோஸ் ஆகாம விளைவைச் சோதிக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை ஷீல்டு விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்மா" என்றார் அவர், அவள் கண்ணைப் பார்க்காமல்.

வெளியே வராந்தாவில் மிஸ்ரியா அவள் பையில் எதையோ திணித்தாள். "எங்க தெரு மருந்துக் கடையில வாங்கினதுக்கா. காலையில எழுந்ததும் பாருங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, சரியா?"

வெள்ளிக்கிழமை காலை பார்த்தாள். இரண்டு கோடு.

அன்றுதான் ஆயிரத்து இருநூறாவது நாள் விழா. அரங்கத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஷீல்டு, பூங்கொத்து, குத்துவிளக்கு. விளக்கு ஏற்றும்போது பக்கத்தில் தீயணைப்பான் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். முன்வரிசையில் சண்முகப்ரியாவும் தமிழ்மாறனும். அவளுக்கு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். காலையில் பார்த்ததை அவனிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவன் அந்த முத்திரைத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தான்.

கருணாகரன் பேசினார். "மாத்திரை சாதாரணப் பொருள்னு சிலர் நினைக்கிறாங்க. பதினோரு அபாயம் அதுல ஒளிஞ்சிருக்கு. ஒரு சாதாரண குடும்பத் தலைவி, நம்ம பெர்மிட்டோட, ஐம்பத்தாறு மாத்திரைக்கான வேலையை முடிச்சிருக்காங்க. ரத்த உறைவு பூஜ்யம். புரையேறினது பூஜ்யம். தரையில வழுக்கினது பூஜ்யம்! நம்ம சுரங்கத்துல மட்டுமில்ல, நம்ம சகோதரிகளோட சமையலறையிலயும் பாதுகாப்பு…"

அந்த இடத்தில் சண்முகப்ரியா எழுந்தாள். எழுவோம் என்று அவளே நினைக்கவில்லை. கால் தானாக நின்றது. குனிந்து, தமிழ்மாறனின் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

அரங்கம் அப்படியே உறைந்தது. சிவப்பு அட்டையைக் கண்டால் எந்த வேலையும் நின்றாக வேண்டும், இது எல்லோரும் வருடா வருடம் பயிற்சி எடுத்த விஷயம். மைக்காரர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். காபி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு நின்றார்கள். கருணாகரன் வாயைத் திறந்தபடி நிறுத்தினார். விதி அவர் எழுதியதுதான்.

"என்ன ஆபத்தும்மா?" என்றார் கடைசியில். "எங்கே?"

"எனக்கு நின்னிருக்கு சார்." அவளிடம் மைக் இல்லை. ஆனாலும் கேட்டது. "பெர்மிட் வர்ற வரைக்கும் ஏழு நாள் மாத்திரை குடுக்கல. முத்திரை குத்திப் பாதுகாப்பு உண்டுன்னீங்க. நம்பினோம். போன தடவையே உசுரு போய் வந்துச்சு. எனக்கு பயமா இருக்கு சார். இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

கருணாகரன் பிரவின்குமார் பக்கம் சாய்ந்தார். பிரவின்குமார் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். மைக் அணைக்கப்படாததால், அவர் மெதுவாகச் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

"பதினொண்ணுல இது இல்ல சார்."

"அப்ப விபத்துக் கணக்குல வராதே?"

"வராது சார். வயிறு அவங்க சொந்த வயிறு."

கருணாகரனின் முகம் தெளிந்தது. "ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு உறுதியாயிடுச்சு. அட்டையை இறக்கலாம்மா" என்று கனிவோடு சொன்னார். பிறகு தாளில் விட்ட இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். "…பாதுகாப்பு வேரூன்றிவிட்டது என்பதை இந்த நேரத்தில்…"

மைக்காரர் மறுபடி கையை வைத்தார். காபி நகர்ந்தது. சண்முகப்ரியா மட்டும் அட்டையைத் தூக்கியபடியே நின்றாள். இறக்கினால் விழுந்துவிடுவோம் போலிருந்தது அவளுக்கு.

பின்வரிசையிலிருந்து மிஸ்ரியா வந்து தோளைப் பிடித்தாள். "வாக்கா. கடலூர்ல அந்த டாக்டரம்மா இன்னிக்கு இருக்காங்க, போன் போட்டுட்டேன். ரொம்ப நாள் ஆவல. மருந்து தவறிப்போயி நின்னாலும் கலைக்க சட்டத்துல வழி கீது. இல்ல, வச்சிக்கிறேன்னாலும் இப்பத்திலிருந்தே பாத்துக்குவாங்க. என்ன பண்றதுன்னு நீ முடிவு பண்ணு. இவங்க இல்ல."

"உன் வேலை போயிடுமே?"

"போவட்டும். நட."

தமிழ்மாறன் எழுந்து அவர்கள் பின்னால் வந்தான். வாசலில் வெளியேறும் பதிவேடு இருந்தது. பதினோரு வருடத்தில் அவன் அதில் கையெழுத்துப் போடாமல் ஒரு நாளும் வெளியே போனதில்லை. செக்யூரிட்டி பேனாவை நீட்டினான். தமிழ்மாறன் அதைக் கவனிக்கவே இல்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். அவள் கை சில்லென்று இருந்தது. அவனுடையதும்தான்.

"என்னை மன்னிச்சிடு ப்ரியா" என்றான். அவள் கையை விடவில்லை.

கடலூர் பஸ்ஸுக்காக மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். உள்ளே கைதட்டல் அடங்கவேயில்லை. மணி இரண்டு. பி ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அது ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பச்சைப் பலகையில் 1199-ஐக் கழற்றிவிட்டு 1200 என்று மாட்டினார்.